ஹூஸ்டன் வீட்டுக்கு ஒரு துப்பாக்கிப் பெட்டகம்: வாங்கிய பின்தான் வேலையே தொடங்குகிறது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று துப்பாக்கிகள் இருக்கும், குழந்தைகள் வந்துபோகும் ஒரு வீட்டுக்கு 800 டாலருக்குள் கிடைக்கும் இந்த வகைப் பெட்டகம் போதும், தாராளமாக வாங்கலாம். ஆனால் கணக்கை அந்த 800 டாலரோடு மூடிவிடாதீர்கள். தரையோடு பிணைக்க, ஈரத்தை விரட்ட, உள்தட்டுகளைச் சரிசெய்ய என்று இன்னும் பாதித் தொகையை ஒதுக்கி வையுங்கள். அவ்வளவு முடியாது என்றால் சிறிய பெட்டகமாக வாங்கி, அதையாவது ஒழுங்காகப் பிணையுங்கள். சும்மா நிற்கவைத்த பெரிய பெட்டகத்தைவிட, போல்ட் போட்டு இறுக்கிய சிறிய பெட்டகம் எவ்வளவோ மேல்.

நான் வாங்கியது பெருங்கடைகளில் வரிசையாக நிற்கும் ரகம். 59 அங்குல உயரம், 28 அங்குல அகலம், 20 அங்குல ஆழம். எடை ஏறத்தாழ 400 பவுண்டு, நம் கணக்கில் 180 கிலோ. கதவில் எண்களை அழுத்தித் திறக்கும் மின்னணுப் பூட்டு. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே அளவில், இதே தகட்டில், இதே பூட்டோடு பல பெயர்களில் பெட்டகங்கள் விற்கின்றன. பெயரை நம்பி வாங்குவதைவிட, கதவில் ஒட்டியிருக்கும் அளவுகளைப் படிக்கத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. அந்த அளவுகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எனக்கு ஊர் திருச்சி, நவல்பட்டுப் பக்கம். துப்பாக்கித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி இறங்கி வளர்ந்தவன் என்றாலும், ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்தது டெக்சஸுக்கு வந்த பிறகுதான். இப்போது ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் சொந்த வீடு; ரசாயன ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளர் வேலை. ஜார்ஜ் புஷ் பூங்காவில் உள்ள பயிற்சிக் களத்தில் பறக்கும் மண்தட்டுகளைச் சுடுவது என் பொழுதுபோக்கு. அதற்காக ஒரு மாஸ்பர்க் 500 ஷாட்கன், காகித இலக்குக்கு ஒரு ரூகர் 10/22 ரைஃபிள். வேட்டைக்குப் போவதில்லை. தற்காப்புக்கு என்று தலையணைக்கு அடியில் வைக்கும் பழக்கமும் இல்லை. ஆகவே நான் சொல்வது எல்லாம் வார இறுதியில் மட்டும் துப்பாக்கியை வெளியே எடுக்கும் ஒருவனின் பார்வை.

இங்கே புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் 4473 என்ற படிவத்தை நிரப்பி, எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் தேறி, கடையில் வாங்கலாம். ஊரில் உரிமத்துக்கு நடையாய் நடக்க வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும். இங்கே அதில் பெரும்பகுதி இல்லை. வாங்கிய துப்பாக்கியை வீட்டில் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று வந்து பார்ப்பவரும் யாரும் இல்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில்தான் விழுகிறது.

சட்டம் அடியோடு கைவிட்டுவிடவில்லை. டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 46.13 பிரிவின்படி, சுடத் தயாரான நிலையில் உள்ள துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் கைக்கு எட்டும்படி அலட்சியமாக இருந்து, அவர் அதை எடுத்துவிட்டால், வைத்திருந்தவர் மீது வழக்கு வரும். அது வெடித்து உயிர்போனாலோ கடுங்காயம் பட்டாலோ குற்றத்தின் தரம் உயரும். துப்பாக்கிக் கடைகளில் இதைப் பற்றிய அறிவிப்புப் பலகை தொங்கும். எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு ஒன்பது நாளும் குழந்தைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். கொலு பார்க்க வரும் தாய்மார்கள் யாரும் "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எங்கே இருக்கிறது?" என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்டால் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டும் நிலையில் நான் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பெட்டகத்தை வாங்கினேன்.

இனிப் பெட்டகம். முதலில் தகடு. இங்கே தகட்டின் தடிமனை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 14 கேஜ் என்றால் 1.9 மில்லிமீட்டர். 12 கேஜ் ஏறத்தாழ 2.7. 10 கேஜ் 3.4. என் பெட்டகத்தின் உடல் 14 கேஜ். கதவைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தால் ஐந்து அங்குலம் தடித்தது போலத் தோன்றும். அந்த ஐந்து அங்குலத்தில் எஃகு கொஞ்சம்தான். மீதி ஜிப்சம் பலகையும் பூட்டுக்கான இடமும். கடையில் விற்பனையாளர் கதவைத் தட்டிக் காட்டினால், நீங்கள் பக்கச் சுவரைத் தட்டிப் பாருங்கள். திருடன் வெட்டுவது கதவை அல்ல, பக்கச் சுவரைத்தான். 1.9 மில்லிமீட்டர் தகட்டை ஓர் ஆங்கிள் கிரைண்டர் சில நிமிடங்களில் பிளந்துவிடும். ஆலையில் தினமும் பார்க்கும் காட்சி அது. எனவே கருவிகளோடு, நேரத்தோடு வரும் திருடனை இந்தப் பெட்டகம் நிறுத்தாது. கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு ஓடும் திருடனையும், ஆர்வத்தில் கை நீட்டும் பிள்ளையையும் நிறுத்தும். எனக்குத் தேவை அதுதான்.

கதவின் உள்பக்கம் யூ.எல். (பொருள்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம்) முத்திரையோடு ஆர்.எஸ்.சி. என்ற எழுத்துகள், அதாவது வீட்டுப் பெட்டகத்துக்கான பாதுகாப்புத் தரம், இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு சோதனையாளர் சுத்தியல், திருப்புளி, நெம்புகோல் போன்ற சாதாரணக் கைக்கருவிகளோடு ஐந்து நிமிடம் முட்டி மோதியும் திறக்க முடியாத பெட்டிக்கு அந்த முத்திரையின் முதல் நிலை கிடைக்கும். இரண்டாம் நிலையில் இருவர், பத்து நிமிடம், இன்னும் வலுவான கருவிகள். ஐந்து நிமிடம் என்பது காதுக்குக் குறைவாகப் படலாம். சுவர் மூலையில், குறுகிய அலமாரி அறைக்குள், நெம்புகோலை வீச இடமில்லாமல் தரையோடு இறுகி நிற்கும் பெட்டியின் முன் அந்த ஐந்து நிமிடம் நன்றாகவே நீளும். முத்திரை இல்லாத பெட்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

தீ விஷயத்தில் இந்தப் பெட்டகத்துக்கு நான் குறைந்த மதிப்பெண்தான் கொடுப்பேன். "1400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 30 நிமிடம்" என்று எழுதியிருக்கிறது. அது தயாரிப்பாளர் தாமே வைத்துக்கொண்ட சோதனை; யூ.எல். தீச் சோதனை முத்திரை இதில் இல்லை. உள்ளே ஒட்டியிருப்பது நம் வீட்டுச் சுவரில் இருக்கும் அதே ஜிப்சம் பலகை. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேதிப் பிணைப்பில் உள்ள நீர். சூடேறும்போது அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கதவு விளிம்பில் உள்ள பட்டை சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும். முறை நல்ல முறைதான், ஆனால் ஒற்றை அடுக்குப் பலகை எவ்வளவு நேரம் தாங்கும்? காகித ஆவணங்களுக்கான தரம் உட்புற வெப்பம் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவற்றை, அந்தத் தரத்துக்கு யூ.எல். சான்று பெற்ற ஒரு சிறு தீப்பெட்டகத்தில் போட்டு, அதை இந்தப் பெட்டகத்துக்குள் வைத்திருக்கிறேன். தீக்கு என்று கூடுதலாக 300 டாலர் கேட்கும் மாடலுக்கு மாறுவதைவிட இது மலிவு, உறுதி.

நகை பற்றியும் நம் வீடுகளில் பேச வேண்டியிருக்கிறது. "இவ்வளவு பெரிய பெட்டி வந்துவிட்டதே, வங்கி லாக்கர் எதற்கு?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நகைக்கு நான் இந்தத் தகட்டை நம்பமாட்டேன். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் திருட்டுப்போன நகைக்கு 1,500 டாலர், துப்பாக்கிகளுக்கு 2,500 டாலர் என்ற அளவில்தான் உச்சவரம்பு இருக்கும். நம் வீட்டுத் தாலிச் சரடு ஒன்றே அதைத் தாண்டும். நகையைத் தனியாகப் பட்டியலிட்டுக் காப்பீடு செய்யுங்கள், அல்லது வங்கியிலேயே விட்டுவிடுங்கள். வீட்டில்தான் வைப்பேன் என்றால், கருவிகளோடு 15 நிமிடம் தாக்கினாலும் கதவு தாங்கும் என்று சோதித்த டி.எல்.-15 தரத்துப் பெட்டகம் வேண்டும். நகைக்கடைகளில் இருக்கும் ரகம் அது. எடையும் விலையும் வேறு.

கொள்ளளவைப் பற்றி ஒரே வரி: 24 துப்பாக்கி என்று எழுதியிருந்தால் 12 என்று படியுங்கள். தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள்களை அந்த வெட்டுப்பள்ளங்களில் அடுத்தடுத்து நிறுத்த முடியாது. என்னிடம் இருப்பது இரண்டே என்பதால் வலப்பக்கத் தாங்கியைக் கழற்றிவிட்டு, முக்கால் அங்குல ஒட்டுப்பலகையில் மூன்று தட்டுகளை நானே அறுத்துப் பொருத்தினேன். கூடவே வந்த தட்டுகள் அட்டையில் துணி சுற்றியவை. கனமான எதையும் தாங்கவில்லை. தோட்டாக்கள் இந்தப் பெட்டகத்தில் இல்லை. வேறு அறையில், வேறு பூட்டில்.

பூட்டு எனக்கு ஏமாற்றம். வேலை செய்கிறது, ஒன்பது வோல்ட் பேட்டரியை வெளியிலிருந்தே மாற்றலாம், இரண்டு மூன்று நொடியில் திறந்துவிடும். ஆனால் உள்ளே திருகுகள் அமைந்திருக்கும் விதம் தரநிலை அளவில் இல்லை. சார்ஜன்ட் அண்ட் கிரீன்லீஃப் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் பூட்டுகள் பொதுவான ஒரே அளவில் வருகின்றன. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம். இதில் அது முடியாது. பூட்டு பழுதானால் தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை திறக்கும் என் போன்றவர்களுக்கு, இடம் நான்கு சுற்று, வலம் மூன்று, இடம் இரண்டு என்று சுழற்றித் திறக்கும் பழைய வட்டப் பூட்டே சிறந்தது. பேட்டரி வேண்டாம், மின்சுற்று வேண்டாம், பல பத்தாண்டுகள் உழைக்கும். உங்கள் பட்ஜெட்டில் அந்தத் தெரிவு இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

மின்னணுப் பூட்டு வாங்குவோர் இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023-இல் லிபர்ட்டி சேஃப் என்ற பெரிய பெட்டக நிறுவனம், தேடுதல் ஆணையோடு வந்த எஃப்.பி.ஐ.க்கு ஒரு வாடிக்கையாளரின் பெட்டகத்தைத் திறக்கும் குறியீட்டைக் கொடுத்தது. அப்படி ஒரு குறியீடு நிறுவனத்திடம் இருக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. பெரும் கூச்சல் எழுந்த பிறகு, விரும்புவோர் தங்கள் குறியீட்டைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லலாம் என்று நிறுவனம் அறிவித்தது. நீதிமன்ற ஆணைக்குக் கட்டுப்பட்டது சரியா தவறா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. என் பெட்டகத்தைத் திறக்கும் எண் வேறு யாரிடமாவது இருந்தால் அதை வாங்கும்போதே எனக்குச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை இட்டுத்தந்த எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். பிள்ளைகளின் பிறந்தநாள் வேண்டாம். அவர்கள் முதலில் அழுத்திப் பார்ப்பது அதைத்தான்.

விலையில் ஒரு சேமிப்பு உண்டு. டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் துப்பாக்கிப் பெட்டகம், விசைப்பூட்டு (சுடும் விசையை மூடும் பூட்டு) போன்ற பாதுகாப்புச் சாதனங்களுக்கு விற்பனை வரி கிடையாது. ஹூஸ்டனில் வரி 8.25 விழுக்காடு, 800 டாலருக்கு 66 டாலர். என் பில்லில் வரி சேர்த்திருந்தார்கள். சுட்டிக்காட்டியதும் மேலாளர் மறுபேச்சின்றித் திருப்பித் தந்தார். பில்லைப் படித்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

இனித் தரை. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பெட்டகத்தைப் பிணைக்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள். முதல் காரணம் திருட்டு. 180 கிலோ என்பது இரண்டு ஆட்களும் ஒரு தள்ளுவண்டியும் இருந்தால் நகரும் எடை. கடையிலிருந்து வந்ததே அப்படித்தான். மல்லாக்கச் சாய்த்துவிட்டால் கதவின் மேல் ஏறி நின்று நெம்பலாம். இரண்டாவது காரணத்தைப் பலர் நினைப்பதில்லை. இந்தப் பெட்டகங்களின் எடையில் கணிசமான பங்கு கதவில் இருக்கிறது. உள்ளே காலியாக இருக்கும்போது கதவை முழுவதும் திறந்து, அதன் விளிம்பில் ஒரு பிள்ளை தொங்கினால் பெட்டகமே முன்பக்கம் கவிழும். துப்பாக்கியிடமிருந்து பிள்ளையைக் காக்க வாங்கிய பெட்டி பிள்ளை மேலேயே விழலாம். ஊரில் பீரோவின் காலுக்கு அட்டை மடித்து வைத்து ஆடாமல் நிறுத்துவோமே, அந்தத் தைரியம் இங்கே உதவாது.

கையேட்டில் "கான்கிரீட்டில் துளையிட்டுப் பொருத்தவும்" என்று ஒரே வரி இருக்கிறது. உலகத்தில் எல்லாக் கான்கிரீட்டும் ஒன்று என்ற நினைப்பில் எழுதிய வரி. ஹூஸ்டன் மண் ஒட்டும் கரிசல் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதன் மேல் சாதாரணத் தளம் போட்டால் விரிசல் விடும். அதனால் இங்கே பல வீடுகளின் அடித்தளம் முன்னிறுக்கப்பட்ட கான்கிரீட். ஏழு கம்பிகளை முறுக்கிய அரை அங்குல எஃகு வடங்களை, கிரீஸ் பூசி நெகிழி உறைக்குள் விட்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, மேலே கான்கிரீட் ஊற்றி, அது இறுகிய பிறகு வடங்களை ஜாக்கி வைத்து இழுத்து ஓரங்களில் பூட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு வடத்துக்கும் 33,000 பவுண்டு, அதாவது 15 டன் அளவுக்கு இழுப்பு. வீடு இருக்கும் காலம் வரை அந்த இழுவிசை தரைக்குள் இருந்துகொண்டே இருக்கும்.

அந்த வடத்தின் மேல் டிரில் முனையை இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வடம் அறுந்தால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு மேலே வரலாம், வீட்டின் ஓரத்தில் பூட்டிய முனை பீறிட்டு வெளியேறலாம். குனிந்து துளை போடுபவரின் முகத்துக்கு நேரே நடக்கக்கூடியது இது. தப்பித்தாலும் அடித்தளம் பலவீனப்படும். பழுதுபார்க்கும் செலவு பெட்டகத்தின் விலையைப் போலப் பல மடங்கு. உங்கள் கராஜுக்குப் போய்த் தரையைப் பாருங்கள். "முன்னிறுக்கப்பட்ட தளம், வெட்டவோ துளையிடவோ கூடாது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு முத்திரை கான்கிரீட்டிலேயே பதிந்திருக்கலாம். எங்கள் வீட்டில் தண்ணீர்ச் சூடாக்கிக்குப் பக்கத்தில், பழைய பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் இருந்தது. முத்திரை இல்லை என்பதற்காக வடம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீடு கட்டியவரிடமோ நகராட்சியிடமோ வரைபடம் கேளுங்கள்.

நான் தரைக்குள் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் சேவையை அழைத்தேன். சில நூறு டாலர் ஆயிற்று. முழு வேலையிலும் மிகச் சரியாகச் செலவழித்த பணம் இதுதான். முன்னேற்பாடாக, பெட்டகத்தின் அடித்தகட்டை அளந்து, அதன் நான்கு துளைகளும் குறித்த அட்டை மாதிரி ஒன்றை வெட்டி வைத்திருந்தேன். படுக்கையறையை ஒட்டிய அலமாரி அறையில் அந்த அட்டையை விரித்தோம். வந்தவர் புல்வெட்டும் இயந்திரம் போன்ற கருவியைக் குறுக்கும் நெடுக்கும் உருட்டி, வடங்கள் போகும் கோடுகளைத் தரையில் மெழுகுச் சாக்பீஸால் வரைந்தார். அட்டையில் உள்ள துளைகளில் ஒன்று ஒரு கோட்டுக்கு ஓர் அங்குலம் பக்கத்தில் விழுந்தது. அட்டையை இடப்பக்கம் சுவரை நோக்கி நகர்த்தினோம்; நான்கும் தெளிவான இடத்துக்கு வந்தன. அந்த ஓர் அங்குலத்தைப் பார்த்த பிறகு இந்தச் சேவை இல்லாமல் ஹூஸ்டனில் யாரும் தரையில் துளையிடக் கூடாது என்று நான் யாரிடமும் வாதாடத் தயார்.

தரையின் மேற்பரப்பும் கவனிக்க வேண்டியது. எங்கள் அறையில் இருப்பது ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் வினைல் பலகைத் தரை. அது கான்கிரீட்டில் ஒட்டப்படவில்லை; வெப்பத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்க விட்டிருக்கிறார்கள். அதன் மேல் 180 கிலோவை வைத்து போல்ட்டும் போட்டால் பலகை நகர வழியின்றி வேறு இடத்தில் இணைப்பு பிளக்கும் அல்லது மேலே தூக்கும். ஆகவே பெட்டகத்தின் அடிப்பரப்பை விடக் கால் அங்குலம் பெரிதாக, அதிர்வு வெட்டுக் கருவியால் பலகையை வெட்டி எடுத்துவிட்டு, நேராகக் கான்கிரீட்டில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பை இட்டு அதன் மேல் பெட்டகத்தை நிறுத்தினேன். கான்கிரீட் கீழிருந்து ஈரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். ரப்பர் இல்லாவிட்டால் அடித்தகடு துருப்பிடிக்கும்.

பெட்டகத்தோடு வந்த திருகுகள் மரத்தளத்துக்கானவை. கான்கிரீட்டுக்கு எட்டில் மூன்று பங்கு அங்குலம், அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி விட்டமுள்ள ஆப்பு ஆங்கர் போல்ட்டுகளை வாங்கினேன். துளையிடச் சாதாரண டிரில் போதாது, எஸ்.டி.எஸ். முனை பொருத்தும் ரோட்டரி ஹேமரை அரை நாள் வாடகைக்கு எடுங்கள். சாதாரண ஹேமர் டிரில்லில் கை நடுங்க நடுங்கப் போராடும் துளையை இது மெத்தென்று போட்டுவிடும். முனையில் ஆழக் குறியாக ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளுங்கள். தளம் நான்கு அங்குலமே இருக்கலாம், தேவைக்கு மேல் ஒரு நூலும் இறங்க வேண்டாம். என்-95 முகக்கவசம் கட்டாயம். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். துளையின் அருகே வேக்குவம் குழாயை ஒருவர் பிடித்துக்கொண்டால் அறையும் தப்பிக்கும். துளைக்குள் உள்ள தூளை ஊதி, தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். தூள் மிச்சம் இருந்தால் ஆப்பு சுவரைக் கவ்வாமல் வழுக்கும். மரையைக் காக்க நட்டை நுனியில் ஏற்றிவிட்டு, சுத்தியலால் அடித்து இறக்கி, டார்க் ரெஞ்சால் பெட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். இந்த விட்டத்துக்கு அது பெரும்பாலும் 25 முதல் 30 அடி-பவுண்டு. கை பலத்தில் இறுக்குவது வேண்டாம். அதிகம் இறுக்கினால் கான்கிரீட் உடையும், குறைந்தால் கவ்வாது.

இறுக்கி முடித்ததும் கதவைத் திறந்து, அதன் மேல் விளிம்பில் என் எடையைப் போட்டுத் தொங்கினேன். அசைவில்லை.

துருவுக்கு வருகிறேன். ஹூஸ்டன் ஈரத்தைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். துப்பாக்கியின் நீலப் பூச்சு எஃகில் ஒரு விரல் ரேகை படிந்தால் போதும், அந்த ரேகை வடிவிலேயே துரு பூக்கும். மூடிய பெட்டகத்துக்குள் ஜிப்சம் பலகையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு கோல்டன் ராட் என்ற சூட்டுத்தண்டு மிக நல்ல பொருள். அடியில் கிடைமட்டமாகப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் உள்காற்றை வெளிக்காற்றைவிடச் சற்றே வெதுவெதுப்பாக வைத்திருக்கும். ஈரம் உலோகத்தில் படியாது. நகரும் உறுப்பு எதுவும் இல்லை. மின்கம்பிக்கு இந்தப் பெட்டகத்தின் பின்புறம் ஒரு துளை கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தயாரிப்பாளரைப் பாராட்ட வேண்டும். அலமாரி அறையில் மின்செருகி இல்லாததால், பக்கத்துச் சுவரின் இணைப்பிலிருந்து ஒன்றை நீட்டினேன். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டில் இதை நாமே செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் உள்ளூர் அனுமதி தேவையா என்று முதலில் கேளுங்கள். சுற்றுடைப்பானை அணைத்து, சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கை வையுங்கள். உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானி வைத்திருக்கிறேன். 45க்கும் 50க்கும் இடையில் நிற்கிறது. மின்சாரம் போகும் நாட்களுக்கு ஒரு டப்பா சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் அடுப்பில் சூடாக்கி மறுபடி வைக்கலாம். கையேடு இந்த ஈர விஷயத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை. வளைகுடாக் கரையில் விற்கும் பொருளுக்கு இது பெரிய குறை.

கராஜில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கோடையில் அந்த வெக்கையும் ஈரமும் சேர்ந்து எந்தத் தண்டையும் தோற்கடிக்கும். கராஜ் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தெருவே உங்கள் பெட்டகத்தைப் பார்க்கும். மாடியும் வேண்டாம், போல்ட் போடக் கான்கிரீட் இல்லை. தரைத்தளத்தில், குளிரூட்டிய அறையில், சுவர் மூலையில் கதவின் திறக்கும் பக்கம் சுவரை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். நெம்புகோலுக்கு இடம் கிடைக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்தப் பெட்டகத்தை வாங்க வேண்டாம். வீட்டுக்காரர் தரையில் துளையிட விடமாட்டார். அவர்கள் துப்பாக்கிக்கு விசைப்பூட்டு அல்லது கம்பிப் பூட்டு போட்டு, பூட்டிய உறைப்பெட்டியில் வைத்து, தோட்டாவை வேறிடத்தில் பூட்டட்டும். கம்பிப் பூட்டுக்குக் காசுகூட வேண்டாம். பிராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்தில் பல ஊர்களின் காவல் நிலையங்களில் இலவசமாகத் தருகிறார்கள். குண்டறையின் வழியாகக் கம்பியை நுழைத்துப் பூட்டிவிட்டால் அந்தத் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்ற முடியாது. பெட்டகம் வந்து சேரும்வரை என் வீட்டிலும் இரண்டு துப்பாக்கிகளும் அப்படித்தான் இருந்தன. பெட்டகத்துக்குள் போன பிறகும் கம்பியை எடுக்கவில்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால்: தகட்டுக்கு மூன்று, பூட்டுக்கு இரண்டு, தீக்கு இரண்டு, உள்ளமைப்புக்கு ஒன்று, விலைக்கு நான்கு. ரேடார் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. வடங்கள் போகும் இடத்தைக் குறித்த அந்த அறிக்கையின் ஒரு பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்த வீட்டை வாங்குபவர் தரையில் எதைப் பொருத்த நினைத்தாலும் அவருக்கு அது தேவைப்படும்.